தாளடிக்குப் பின் வயலில் எதைப் போடலாம்: லூபினா, உளுந்தா, தக்கைப்பூண்டா?

தை பிறந்து சம்பா நெல்லும், குறுவைக்கு அடுத்து நடும் தாளடி நெல்லும் களத்துக்கு வந்ததும் காவிரி டெல்டாவில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும். அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். அதுவரை வயலைத் தரிசாகப் போடுவதா, உளுந்து தெளிப்பதா, கோடை மழை விழுந்ததும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதா? கொஞ்ச நாளாக இந்த வரிசையில் லூபின் என்று இன்னொரு பெயரும் அடிபடுகிறது. வெளிநாட்டுப் பயறு, மண்ணை வளமாக்கும், பருப்பில் புரதம் கொட்டிக் கிடக்கிறது, மணலிலும் விளையும், தரிசையும் மீட்கும் என்று கைப்பேசியில் காணொளிகள் சுற்றுகின்றன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், அதுவும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயத்தில் இறங்கியவர்கள், விதை எங்கே கிடைக்கும் என்றுகூடக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காணொளியில் சொல்வதில் பெரும்பாலும் பொய் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மண்ணில் பிணைந்த மணிச்சத்தை (பாஸ்பரஸ்) விடுவிக்கும் லூபின் ஒன்று. மணலில் விளையும் லூபின் வேறொன்று. 40 சதவீதம் புரதம் உள்ளது மூன்றாவது. ஓரளவு நீர்த் தேக்கம் தாங்குவது நான்காவது. பாழ் நிலத்தில் தானாகப் பரவுவது ஐந்தாவது. ஐந்து செடிகளின் பெருமையை ஒரே செடியின் தலையில் ஏற்றி நமக்குக் காட்டுகிறார்கள். எனவே எந்த லூபின் என்று தெரியாமல் லூபின் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

லூபினஸ் என்பது ஒரு பேரினம். அதில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஒரு டஜன் இனங்கள்தான். ஆனால் மனிதன் பயிராக்கிய பெரிய விதை லூபின்களில் மூன்று அங்கிருந்து வந்தவை. மீதியெல்லாம் அமெரிக்கக் கண்டங்களில், அலாஸ்காவிலிருந்து ஆண்டிஸ் மலை வரை பரவிக் கிடக்கின்றன. ஆண்டிஸில் நடந்தது ஆச்சரியமான கதை. மலை உயர உயர, ஒரு பள்ளத்தாக்கில் இருந்த செடி அடுத்த பள்ளத்தாக்கின் செடியோடு சேர வழியில்லாமல் பிரிந்து, 20 லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 80 இனங்கள் அளவுக்குப் பெருகிவிட்டன. தாவர உலகில் இவ்வளவு வேகமாக இனம் பிரிந்ததற்கு உதாரணங்கள் குறைவு. தரையோடு படிந்த பூண்டும் உண்டு, ஆள் உயரப் புதரும் உண்டு, மெக்சிகோவில் மரமாகவே வளர்வதும் உண்டு. உள்ளங்கையும் விரல்களுமாக விரிந்த இலைதான் பெரும்பாலான இனங்களுக்கு அடையாளம். ஆனால் பிரேசிலிலும் ஃபுளோரிடாவிலும் ஒற்றை இலை லூபின்கள் இருக்கின்றன. இத்தனை வகையும் அந்தந்த இடத்து மண்ணுக்கும் குளிருக்கும் மழைக்கும் ஏற்ப வார்க்கப்பட்டவை. நம் முடிவுக்கு இது முக்கியம்.

முதலில் வெள்ளை லூபின். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எகிப்துக்காரர்கள் உப்புப் போட்டுக் கொறிக்கும் துர்முஸ் இதுதான். என் சித்தப்பா குவைத்தில் இருந்தபோது சாப்பிட்டுப் பழகியவர். வட்டமாக, தட்டையாக, வெளிர் மஞ்சளாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். ஓரத்தைப் பல்லால் கடித்துத் தோலைப் பிதுக்கினால் உள்ளே இருக்கும் பருப்பு வாய்க்குள் வழுக்கி விழும். “ஏம்பா, நம்ம வயல்ல இது வருமா?” என்று முதலில் என்னைக் கேட்டவரும் அவர்தான்.

வெள்ளை லூபினின் பெரிய பலம் வேரில் இருக்கிறது. மணிச்சத்து பற்றாத மண்ணில் இதன் பக்கவேர்கள் பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கொத்துக் கொத்தாகக் குட்டை வேர்களை விடும். அந்தக் கொத்து சிட்ரேட் என்ற அமிலப் பொருளை மண்ணுக்குள் கசியவிட்டு, சுண்ணாம்போடும் இரும்போடும் பிணைந்து கிடக்கும் மணிச்சத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். ரோமானியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை விதைத்து மடக்கி உழுதிருக்கிறார்கள். நாம் தக்கைப்பூண்டில் செய்யும் அதே வேலை.

அப்படியானால் நமக்கும் ஆகும்தானே என்று தோன்றும். எகிப்திலும் ஆற்றுப் பாசனம், இங்கேயும் ஆற்றுப் பாசனம். ஆனால் நைல் கரையில் இதைக் குளிர்காலத்துக்கு விதைக்கிறார்கள். கெய்ரோவில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். தஞ்சாவூரில் மார்கழிக் குளிர் என்று நாம் போர்வை தேடும் இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. லூபின் பூக்கவும் காய் பிடிக்கவும் 15-லிருந்து 25 டிகிரிதான் இதம். அதற்கு மேல் வெயில் ஏறினால் பூ உதிரும். தாளடி அறுத்துவிட்டு மாசியில் விதைத்தால் பூக்கும் நேரம் சித்திரை. மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

மணிச்சத்து விஷயத்தையும் நம் வயலை வைத்தே பார்க்க வேண்டும். நெல் வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்போது மண்ணுக்குள் காற்று போவதில்லை. அந்த நிலையில் இரும்போடு பிணைந்த மணிச்சத்து தானாகவே கரைந்து நெல்லுக்குக் கிடைக்கிறது. வயல் காய்ந்ததும் மறுபடி பிணைந்துகொள்கிறது. நெல் தரிசில், அதாவது நெல் எடுத்த வயலில், வரும் உளுந்துக்கு டிஏபி உரக் கரைசலை இலைவழியாகத் தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வெள்ளை லூபின் எந்த வேலைக்குப் பேர் போனதோ அந்த வேலையை வருடத்தில் பாதி நாள் நம் தேங்கிய தண்ணீரே செய்துவிடுகிறது. மீதி நாளுக்கு 2 சதவீத டிஏபி கரைசலும், விதையோடு கலக்கும், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும் போதும். இதற்காக ஒரு வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவர வேண்டியதில்லை.

கசப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கசப்பு நீக்கப்படாத பழைய ரக லூபின் விதைகளில் லூபனைன், ஸ்பார்டைன் போன்ற ஆல்கலாய்டுகள் என்ற கசப்பு நஞ்சுகள் உண்டு. ஊறவைத்து, வேகவைத்து, நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பு முழுக்கப் போன பிறகுதான் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் வாய் வறளும், பார்வை மங்கும், தலை சுற்றும். குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. ஊறிய தண்ணீரில் கரைந்திருப்பதும் அந்த நஞ்சுதான். பழக்கதோஷத்தில் அதைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றி மாட்டுக்கு வைத்துவிடக் கூடாது. வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பவர்களில் சிலருக்கு லூபினும் ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் லூபினை ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் சேர்த்து, உறையில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று வைத்தது.

அடுத்து குறுகிய இலை லூபின். ஆஸ்திரேலியா, ஆஸ்திரேலியா என்று காணொளிகளில் சொல்வது இதைத்தான். லூபின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் ரெய்ன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் என்பவர், கசப்பில்லாத செடி இயற்கையில் எங்காவது ஒன்றிரண்டு இருந்தே தீரும் என்று நம்பி, லட்சக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சிலவற்றைக் கண்டெடுத்தார். இனிப்பு லூபின் என்று இன்று சொல்வது அந்த வழியில் வந்தது. பின்னால் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ், காய் வெடித்துச் சிதறாத, தோல் இறுகாத, கசப்பில்லாத குணங்களைக் குறுகிய இலை லூபினில் ஒன்றுசேர்த்தார். 1967-இல் யூனிவைட் என்ற ரகம் வந்தது. அதுவரை கோதுமைக்கே திணறிய வெளுத்த, புளித்த மணல் பூமியில் கோதுமையோடு மாற்றி மாற்றிப் போடும் பயிராக லூபின் நிலைத்தது. உலகில் விளையும் லூபினில் பெரும்பங்கு இன்று அங்கிருந்துதான் வருகிறது.

நம்மிடமும் மணல் பூமி இருக்கிறதே என்று பட்டுக்கோட்டைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. பழைய டெல்டாவின் கனத்த களிமண் வேறு. 1934-இல் கல்லணைக் கால்வாய் வந்த பிறகு பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மணல் கலந்த மண் வேறு. வேதாரண்யம் பக்கம் போனால் கடற்கரை மணல். ஆழமாக ஆணிவேர் விடும் குறுகிய இலை லூபினுக்கு மண் அளவில் பொருந்தக்கூடிய இடம் டெல்டாவில் இருக்குமென்றால் அது ஒரத்தநாடு-பட்டுக்கோட்டைத் துண்டுதான். களிமண்ணில் நான்கு நாள் தண்ணீர் நின்றாலே இதன் வேர் மூச்சு முட்டிப் போகும்.

ஆனால் மண் பொருந்தினாலும் பருவம் பொருந்தவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, குளிர்கால மழையில் வளர்த்து, அக்டோபர், நவம்பரில் அறுக்கிறார்கள். மழையும் குளிரும் ஒன்றாக வரும் ஊர் அது. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில், வெக்கையோடு வருகிறது. மழை முடிந்து மண் வடிந்த பிறகு, மார்கழியில் விதைத்தால்கூட ஐந்து மாதப் பயிர் பங்குனி, சித்திரையில் போய் மாட்டும். அப்புறம், அந்த மணலில் நிலக்கடலை ஏற்கெனவே நன்றாக வருகிறது. அதுவும் பயறு வகைச் செடிதான், காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கும் வேர் முடிச்சு அதற்கும் உண்டு, வாங்க ஆள் உண்டு, கொடி மாட்டுக்கு ஆகும். அதைத் தள்ளிவைத்து லூபின் போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. குறுகிய இலை லூபினை அறுத்த பின் நிற்கும் காய்ந்த தண்டில், அதாவது தட்டையில், ஒரு பூஞ்சணம் வளரும். அந்தத் தட்டையைத் தின்ற ஆடுகளுக்கு ஈரல் கெட்டுச் சாவு வரும். ஆஸ்திரேலியாவில் இதற்கு லூபினோசிஸ் என்றே தனிப் பெயர் உண்டு. நோய் தாங்கும் ரகங்கள் வந்த பிறகு குறைந்திருக்கிறதே தவிர, அங்கே இன்றும் தட்டை மேய்ச்சலில் கவனமாக இருக்கிறார்கள். இங்கே கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம் வயலில் கிடை போடுகிறார்கள். ஒரு வயலில் லூபின் தட்டை கிடந்து, கிடை ஆடு மேய்ந்து ஏதாவது ஆனால் அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு? கிடை எருவுக்காக நாம் அவர்களைக் கூப்பிடுகிறோம். அவர்கள் ஆட்டுக்கு ஆபத்தில்லாத பயிரைத்தான் போட வேண்டும்.

மஞ்சள் லூபின் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போர்ச்சுகல், போலந்துப் பக்கத்துப் புளித்த மண்ணில் வருவது. மற்ற லூபின்களைவிட நீர்த் தேக்கத்தைக் கூடுதலாகத் தாங்கும். இதைக் கேட்டுவிட்டுத்தான் சிலர் டெல்டாவுக்கு ஏற்ற லூபின் என்று முடிவுகட்டுகிறார்கள். தாங்கும் என்பது அதன் உறவுக்காரச் செடிகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் கார்த்திகையில் வாரக்கணக்கில் நிற்கும் தண்ணீருக்கு அது பேச்சில்லை. வெக்கையும் ஆகாது.

ஆண்டிஸ் லூபினுக்குப் பெருவில் தார்வி என்றும் ஈக்வடாரில் சோச்சோ என்றும் பெயர். 40 சதவீதமும் அதற்கு மேலும் புரதம், கூடவே சோயாவுக்கு நிகரான எண்ணெய் என்று சொல்வதெல்லாம் இந்த இனத்துக்குரியது. கசப்பும் இதற்குத்தான் பலமாக இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் வேகவைத்துச் சாக்கில் கட்டி ஓடும் ஆற்றில் பல நாள் போட்டு எடுப்பார்கள். பெரு வெப்பமண்டல நாடு, நாமும் வெப்பமண்டலம், அதனால் பொருந்தும் என்று ஒருவர் வாதாடிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தார்வி விளைவது 2,000 மீட்டருக்கு மேலே. நமக்கு அந்த உயரம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் நின்றுகொண்டு அதை நினைப்பதில் பயனில்லை.

கடைசியாக, தரிசை மீட்கும் லூபின்கள். இதில் உண்மை நிறைய உண்டு. அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980-இல் வெடித்துச் சாம்பலும் நுரைக்கல்லுமாக மூடிப்போன சமவெளியில் முதலில் வேர்விட்ட செடிகளில் ஒன்று குட்டை லூபின். தழைச்சத்தே இல்லாத இடத்தில் அது தன் வேர் முடிச்சால் சத்து சேர்த்து மற்ற செடிகளுக்கு வழிவிட்டது. ஐஸ்லாந்தில் மண் அரிப்பைத் தடுக்க 1945-இல் அலாஸ்காவிலிருந்து நூட்கா லூபின் விதையைக் கொண்டுவந்தார்கள். மண் நின்றது உண்மை. ஆனால் அந்த நாட்டுக்கே உரிய சின்னஞ்சிறு செடிகளின்மேல் ஏறி மூடிக்கொண்டு, இன்று நீலப் போர்வையாகப் பரவி, எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கவலைப்படும் நிலைக்கு வந்துவிட்டது. நியூசிலாந்திலும் தோட்டத்து அழகுக்கு வந்த லூபின் ஆற்றுப் படுகைகளில் புகுந்து, வெறும் கூழாங்கல்லில் முட்டையிடும் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறது.

டெல்டாவுக்கு இந்தப் பாடம் தெரியும். சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஒவ்வொரு வருடமும் வாய்க்காலிலிருந்து அள்ளிக்கொண்டிருக்கிறோம். நம் வெயிலில் லூபின் அப்படிப் பரவ வாய்ப்பு குறைவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் தானாகப் பரவும் குணத்தை ஒரு தகுதியாகச் சொல்லி விற்கப்படும் எந்த விதையையும் ஆற்றுப் படுகைக்குப் பக்கத்தில் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, நம்மிடம் இருப்பவற்றுக்கு வருவோம்.

பருப்பும் பணமும் வேண்டும் என்றால் உளுந்து, இல்லாவிட்டால் பச்சைப்பயறு. நெல் தரிசில் உளுந்து என்பது டெல்டாவின் சொந்தச் சாமர்த்தியம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன், நின்ற நெல்லுக்குள் இறங்கி விதையை வீசுகிறோம். உழவு இல்லை, தனியாகத் தண்ணீர் இல்லை. மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும்: காலை வைத்தால் தடம் பதியணும், ஆனால் சேறு காலோடு ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் விழுந்த விதை நெல்லின் நிழலிலேயே முளைத்து நிற்கும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் 70, 75 நாளில் காய் முற்றிவிடும். லூபினுக்கு வேண்டிய ஐந்து மாதத்தையும் இந்தக் காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரை வெயில் முழுசாக இறங்குவதற்குள் உளுந்து களத்துக்கு வந்துவிடும்.

உளுந்திலும் சிரமம் இல்லாமல் இல்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு முளைத்த செடி சக்கரத்தில் நசுங்குகிறது, வைக்கோல் வரிசையாக விழுந்து மூடுகிறது. ஏக்கருக்கு 8, 10 கிலோ விதை போதும் என்ற கணக்கு இயந்திரம் இறங்கும் வயலுக்குப் பற்றாது; கூடவே போட வேண்டும், இல்லாவிட்டால் அறுத்த பிறகு ஈரம் இருக்கும் வயலில் விதைக்க வேண்டும். வெள்ளை ஈ வந்தால் மஞ்சள் தேமல் நோய் பின்னாலேயே வரும். ஆடுதுறை 3 நெல் தரிசுக்கென்றே வந்த பழைய ரகம். தேமல் தொல்லை அதிகமுள்ள இடத்தில் வம்பன் 8 போன்ற தாங்கும் ரகம் நல்லது. பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை டிஏபி கரைசல் தெளிப்பதைத் தவிர்க்காதீர்கள். பலர் இதில் சோம்பல்பட்டுப் பாதி விளைச்சலோடு நின்றுவிடுகிறார்கள்.

புரதக் கணக்கில் உளுந்து 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, லூபின் 30-லிருந்து 40. எண்ணைப் பார்த்தால் லூபின் ஜெயிக்கிறது. ஆனால் அறுத்த உளுந்தை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம், உள்ளூர் வியாபாரி வீட்டு வாசலுக்கே வருவார், மிஞ்சினால் நம் வீட்டு இட்லிக்கு ஆகும். லூபினை மூட்டை கட்டி மன்னார்குடியில் யாரிடம் கொடுப்பது? வேர் முடிச்சு விஷயமும் உண்டு. உளுந்துக்கு வேண்டிய பாக்டீரியா நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது; லூபினுக்கு அதற்கென்றே உள்ள வகை வேண்டும். அது இல்லாத மண்ணில் லூபின் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்காது, யூரியாவைத்தான் கேட்கும்.

மண்ணுக்குச் சத்து வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் தக்கைப்பூண்டுக்கு நிகராக டெல்டாவில் ஒன்றையும் சொல்ல மாட்டேன். களியும் தாங்கும், உவரும் தாங்கும், தண்ணீர் நின்றாலும் வளரும், வெயிலுக்கும் அசராது. ஏக்கருக்கு 20 கிலோ விதை. கோடை மழைக்கு விதைத்து, பூப்பதற்கு முன் சுமார் 45 நாளில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 8-லிருந்து 10 டன் வரை பசுந்தழை மண்ணுக்குள் போகும். நாற்பது நாள் செடி ஒன்றை மெதுவாகப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மிளகு அளவு முடிச்சுகள் திரண்டிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. தழைச்சத்து பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது, இனி தள்ளிப்போடாமல் மடக்கிவிட வேண்டும். தண்டு முற்றிவிட்டால் மக்க நாளாகும், நடவுக்கும் தொல்லை.

மணிலா அகத்தி, ஆப்பிரிக்காவின் செனகல் பக்கமிருந்து வந்து நம் வயலில் பொருந்திப்போன செடி. வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் வரிசை வரிசையாக முடிச்சு விடும்; வேர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் தண்டு முடிச்சு வேலை செய்துகொண்டிருக்கும். வெளியூர்ச் செடியே ஆகாது என்பது என் வாதமில்லை என்பதற்கு இதுவே சாட்சி. வெக்கையும் தேக்கமும் உள்ள இடத்திலிருந்து வந்ததால் இது இங்கே நின்றது. பகல் நீளமான மாதங்களில் போட்டால்தான் நன்றாக வளரும், இல்லாவிட்டால் சீக்கிரமே பூத்துவிடும். விதைத் தோல் கடினம், விதை கிடைப்பதும் தக்கைப்பூண்டு அளவுக்குச் சுலபமில்லை.

சணப்பு சீக்கிரம் தழைத்துவிடும், நார் உண்டு, மடக்கினால் வேகமாக மக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் படுத்துவிடும். மேட்டுப்பாங்கான, வடிகால் உள்ள வயலுக்கு நல்ல தேர்வு. ஒரு உபரிச் செய்தி: டெல்டாவில் வளரும் பசுந்தாள் செடிகளில் லூபினுக்குக் கிட்டத்து உறவு சணப்புதான். பயறுக் குடும்பத்தில் இரண்டும் ஒரே கிளையில் வருகின்றன. லூபின் குடும்பத்துச் செடி ஒன்று நம் வயலில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே இங்கே இருக்கிறது.

கொழிஞ்சியை மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது, வறட்சி தாங்கும், ஒருமுறை விதை விழுந்த நிலத்தில் அடுத்த கோடையிலும் தானாக முளைக்கும். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும். மணலோடு தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். ஆள் கிடைக்காத, தண்ணீர் நிச்சயமில்லாத நிலத்துக்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

என் முடிவு இது. பழைய டெல்டாக் களிமண்ணில், தையில் ஈரம் இருக்கிற வயல் என்றால் உளுந்து. அறுவடை தாமதமாகி ஈரம் போய்விட்டது, மாசி நடுவைத் தாண்டிவிட்டது என்றால் உளுந்தை வலிந்து போடாதீர்கள். கோடை உழவு ஓட்டி வைத்துவிட்டு, சித்திரை, வைகாசியில் மழை கிடைத்ததும் தக்கைப்பூண்டு. கடைமடையில் உவர் பூத்த நிலம் என்றால் யோசனையே வேண்டாம், தக்கைப்பூண்டுதான். குறுவை நடாமல் சம்பா மட்டும் நடுகிறவர்களுக்கு இடையில் நேரம் இருப்பதால் உளுந்து எடுத்து, அதே வயலில் பசுந்தாளும் போட்டு, இரண்டையும் அனுபவிக்கலாம். பட்டுக்கோட்டை மணல்சாரி மண்ணில் போர் தண்ணீர் இருந்தால் நிலக்கடலை, இல்லாவிட்டால் கொழிஞ்சி. வரப்பைச் சும்மா விடுகிறவர்கள் வரப்பு உளுந்து போடுங்கள். இந்தக் கணக்கில் எந்த லூபினுக்கும் நான் ஒரு மா நிலம்கூட ஒதுக்க மாட்டேன்.

அப்படியும் ஆசை விடவில்லை, பார்த்துத்தான் தீருவேன் என்கிறவர்களைத் தடுக்க மனமில்லை. பார்க்கிற ஆசை இல்லாமல் விவசாயம் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியில் விதை வரவழைக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. லூபினைத் தாக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய் 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தலைகாட்டி வெள்ளை லூபின் சாகுபடியைச் சாய்த்தது. அது விதையோடு பயணம் போகும் நோய். முறையாக விதை கிடைத்தால் வயலில் போடாமல் தொட்டியில் போடுங்கள். இனத்தின் பெயர் தெரியாத விதையை வாங்க வேண்டாம். குறுகிய இலை வகையில் இனிப்பு ரகமாகவே பாருங்கள். முக்கால் பங்கு ஆற்று மணல், அடியில் வடிகால் ஓட்டை, சுண்ணாம்பு சேராத மண். லூபினுக்கான பாக்டீரியாவும் கூட வேண்டும். அடைமழை ஓய்ந்து கார்த்திகை கடைசியில் விதைத்து, பூ எப்போது வந்தது, எத்தனை நின்றது, எத்தனை உதிர்ந்தது, அன்றைய வெயில் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். மார்ச் வெயிலில் காய் பிடித்து விதை முற்றினால் அது உங்களோடு நிற்க வேண்டிய தகவல் இல்லை. நோட்டோடு வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.